ஆகஸ்டில் போட்ட ஓட்டு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் சீசன் தொடங்குமுன்பே, ஆகஸ்ட் மாதத்திலேயே, தரவரிசை வந்துவிடுகிறது. நாம் ஆடுகிற கால்பந்து அல்ல இது. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கி ஓடுகிற ஆட்டம். இந்த ஆண்டு எந்த அணி தேறும் என்று விளையாட்டு நிருபர்கள் ஓட்டுப் போட்டு 25 அணிகளை வரிசைப்படுத்துகிறார்கள். வெறும் ஆரூடம், ஆட்டம் தொடங்கியதும் காற்றில் போய்விடும் என்று அதை ஒதுக்குபவர்கள் உண்டு. வரலாற்றைப் புரட்டினால் அப்படி ஒதுக்க முடியவில்லை. பல பத்தாண்டுகளாக அந்த ஆரூடம்தான் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவின் முதல் சுற்றாக இருந்திருக்கிறது.

காரணம் எளிது. ஏராளமான கல்லூரிகள், ஒவ்வொன்றும் சீசனுக்குச் சுமார் பன்னிரண்டு ஆட்டங்கள்தான் ஆட முடியும். பலசாலிகள் இருவர் ஒருவரையொருவர் சந்திக்காமலே சீசன் முடிந்துவிடும். இறுதிப் போட்டி என்று ஒன்று வெகுகாலம் கிடையாது. ஆகவே யார் பெரியவர் என்பதைப் பத்திரிகைகளே சொல்ல வேண்டியிருந்தது. 1935இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் விளையாட்டு ஆசிரியர் ஆலன் கோல்டு, மினசோட்டா, பிரின்ஸ்டன், சதர்ன் மெதடிஸ்ட் மூன்றுக்கும் சேர்த்து முதலிடம் கொடுத்தார். மினசோட்டா ரசிகர்கள் அவருக்குக் கொடும்பாவி கட்டித் தொங்கவிட்டதாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு அவர் பழியைப் பலர் தலையில் பிரித்துப் போட்டார்: பத்திரிகையாளர்கள் வாராவாரம் ஓட்டுப் போடும் முறை 1936இல் வந்தது. ஒரு சனிக்கிழமைக்கும் அடுத்த சனிக்கிழமைக்கும் நடுவே வாசகர்கள் பேசிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்பதே நோக்கம். கோல்டு அதை மறைக்கவும் இல்லை. 1950இல் இந்த ஓட்டு சீசனுக்கு முன்பாகவும் நகர்ந்தது. முதல் தடவையே சறுக்கல். முதலிடம் தரப்பட்ட நோட்டர் டேம், அக்டோபர் 7 அன்று பர்டூவிடம் 28–14 என்று தோற்றது. 39 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத அணி அது. நான்கு வெற்றி, நான்கு தோல்வி, ஒரு சமன் என்று சீசனை முடித்தது.

இப்படிப்பட்ட சறுக்கல்களைக் காட்டிச் சிரிப்பது சுலபம். ஆரூடம் பொய்த்தால் சேதமில்லை, பட்டியல் தன்னைத் திருத்திக்கொள்ளும். சிக்கல் வருவது எவரும் தோற்காதபோதுதான். ஓட்டுப் போடுபவர்கள் தோற்ற அணியைக் கீழே இறக்குவார்கள். ஜெயித்துக்கொண்டே இருக்கும் அணியை இறக்க மனம் வராது. 2004ஐப் பாருங்கள். ஆகஸ்டில் சதர்ன் கலிஃபோர்னியா முதலிடம், ஓக்லஹோமா இரண்டாமிடம், ஆபர்ன் 17ஆம் இடம். டிசம்பரில் மூன்றும் ஒரு தோல்விகூட இல்லாமல் நின்றன. இறுதிப் போட்டி வந்துவிட்ட காலம் அது, ஆனால் அதற்கு இரண்டே இடங்கள்; அவற்றை நிரப்பும் கணக்கில் நிருபர்களின் பட்டியலும் சேர்ந்திருந்தது. முன்னே நின்ற இருவரும் இடறவில்லை, ஆகவே பின்னே நின்ற ஆபர்னுக்கு வழியில்லை. தி சிட்டடெல் போன்ற சோப்ளாங்கி அணியுடன் ஆபர்ன் மோதியதைச் சிலர் குறை சொன்னார்கள்; அதில் நியாயம் உண்டு. ஆனால் இறுதிப் போட்டியில் ஓக்லஹோமா 55–19 என்று நொறுங்கிய பிறகு, அந்த இரண்டாமிடம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை.

1984ஐ எடுத்துக்காட்டி மறுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகஸ்ட் பட்டியலிலேயே இல்லாத பிரிகம் யங் பல்கலைக்கழகம் அந்த ஆண்டு சாம்பியன் ஆனதே! ஆனது, முக்கிய அணிகளில் தோல்வி காணாமல் மிஞ்சியது அது ஒன்றுதான் என்பதால். அதைவிடச் சுவையான விஷயம் ஒன்று உண்டு. முதல் ஆட்டத்தில் அது 20–14 என்று வீழ்த்திய பிட்ஸ்பர்க், ஆகஸ்ட் பட்டியலில் மூன்றாமிடம். மூன்றாமிடத்தைச் சாய்த்த அணி என்ற பெயரோடுதான் பிரிகம் யங் பட்டியலுக்குள் நுழைந்தது. அந்தப் பிட்ஸ்பர்க் கடைசியில் மூன்றே வெற்றிகளோடு முடிந்தது. விதிவிலக்கு என்று காட்டப்படும் அணியும் தப்பான ஒரு ஆரூடத்தின் தோளில் ஏறித்தான் மேலே வந்திருக்கிறது.

நிருபர்கள் விஷயம் தெரிந்தவர்கள், அவர்கள் கணிப்பு பெரும்பாலும் சரியாகத்தானே இருக்கிறது என்பது இன்னொரு வாதம். ஒத்துக்கொள்ளலாம். 1999இல் புளோரிடா ஸ்டேட் முதல் வாரம் முதல் கடைசி வாரம் வரை முதலிடத்திலேயே இருந்தது. ஆனால் இங்கே வழக்கு கணிப்பின் துல்லியம் பற்றியதல்ல. ஆடிய ஆட்டத்துக்குப் போட வேண்டிய ஓட்டில் ஆடாத ஆட்டத்துக்கான ஓட்டும் கலந்துவிடுகிறது என்பதே புகார். அந்த ஆட்டத்தை நடத்துபவர்களே இதை உணர்ந்திருந்தார்கள். 2004 சர்ச்சைக்குப் பின் அசோசியேட்டட் பிரஸ் தன் பட்டியலைத் தேர்வுக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விலகிக்கொண்டது. அதன் இடத்துக்கு 2005இல் வந்த ஹாரிஸ் பட்டியல், சில வாரங்கள் ஆட்டம் நடந்த பிறகே வெளியானது. 2014 முதல் 13 பேர் கொண்ட குழு, சாம்பியனை முடிவுசெய்யும் நாக் அவுட் சுற்றுக்கான அணிகளைத் தேர்ந்தெடுக்கிறது. அதன் முதல் பட்டியல் சீசன் பாதி கடந்த பிறகுதான் வரும். 2024இல் நாக் அவுட் சுற்றில் ஆடும் அணிகள் நான்கிலிருந்து பன்னிரண்டாயின. குழு உறுப்பினர்களும் ஆகஸ்டில் பத்திரிகை படிக்கத்தான் செய்வார்கள், நிழல் முழுதும் விலகியதாக நான் நம்பவில்லை. ஆனாலும் எடை குறைந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் டெக்சாஸ் வரலாற்றிலேயே முதன்முறையாக ஆரூடப் பட்டியலின் உச்சிக்கு வந்தது. முதல் ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 14–7 என்று தோற்றது; மொத்தம் மூன்று தோல்விகள். டிசம்பரில் குழு அறிவித்த பன்னிரண்டில் அதற்கு இடமில்லை.