கடற்கரை யாருக்கு மீண்டது? இலங்கைச் சுற்றுலாவின் நாற்பது ஆண்டுகள்

ஒரு நாட்டில் குண்டு வெடித்தாலும், கடல் பொங்கினாலும், ஆட்சி கவிழ்ந்தாலும் சுற்றுலாத் துறைக்குப் பலத்த அடி என்று அடுத்த வாரமே செய்தி வந்துவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்து, சுற்றுலா மீண்டுவிட்டது என்று இன்னொரு செய்தி வருகிறது. இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் அந்த மண்ணில் என்ன நடந்தது? யாருடைய நிலம் கைமாறியது? இதைக் கேட்பவர்கள் குறைவு. இந்தக் கட்டுரையில் நாம் அதைத்தான் கேட்கப் போகிறோம்.

அதற்கு இலங்கையை எடுத்துக்கொள்வோம். இனக்கலவரம், போர், ஆழிப்பேரலை, குண்டுவெடிப்பு, பெருந்தொற்று, பொருளாதார வீழ்ச்சி என எல்லாவற்றையும் நாற்பது ஆண்டுகளுக்குள் பார்த்த நாடு அது. இன்னொரு காரணமும் உண்டு. அங்கே அடித்தட்டில் வைக்கப்பட்ட யாழ்ப்பாணத்துப் பஞ்சமரும் மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் நமக்கு அந்நியர் அல்லர்.

எண்கள் சொல்வது

1966இல் இலங்கை அரசு சுற்றுலாச் சபையை அமைத்தது. அந்த ஆண்டு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 18,969 பேர். 1982இல் அந்த எண்ணிக்கை 4,07,230 ஆனது. பதினாறே ஆண்டுகளில் இருபது மடங்குக்கும் மேல்.

பிறகு 1983 ஜூலை வந்தது. கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்த ஆண்டே பயணிகள் எண்ணிக்கை 3,37,530 ஆகச் சரிந்தது. 1987இல் 1,82,620 மட்டுமே. 1982இன் அளவை மறுபடி எட்ட 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கலவரமும் அது திறந்துவிட்ட போரும் ஒரு தொழிலின் பன்னிரண்டு ஆண்டுகளை விழுங்கிவிட்டன.

அடுத்த அடிகளும் இப்படித்தான். 1996 ஜனவரியில் கொழும்பு மத்திய வங்கி தாக்கப்பட்டது. 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளிலும் வருகை சரிந்தது. 2002இல் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானதும், அடுத்த ஆண்டே எண்ணிக்கை முதல் முறையாக 5 லட்சத்தைத் தாண்டியது.

இதிலிருந்து ஓர் உண்மையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். அமைதி வந்தால் பயணிகள் வருவார்கள், அவர்கள் வந்தால் வேலை வரும். அறையைத் துப்புரவு செய்யும் பெண்ணுக்கும் படகோட்டிக்கும் செவ்விளநீர் விற்பவருக்கும் அது சோறு. சாதித் தொழிலை விட்டு வெளியேற நினைக்கும் இளைஞனுக்கு ஓட்டல் வேலை ஒரு வாசல். எனவே சுற்றுலாவே வேண்டாம் என்பது நம் வாதம் அல்ல. மீட்சி என்ற பெயரில் நடந்தவற்றைத்தான் நாம் கணக்குக் கேட்கிறோம்.

அலைக்குப் பின் வந்த கோடு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் 35,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிழக்கே அம்பாறை மாவட்டத்தில்தான் இழப்பு மிக அதிகம். தெற்கே பெரலியவில் பயணிகளோடு ஒரு ரயிலே அலையில் புரண்டது.

அலை வடிந்ததும் அரசு கரையோரத்தில் ஒரு கோடு போட்டது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். அதற்குள் வீடு கட்டக் கூடாது, பாதுகாப்புக்காக என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சுற்றுலா விடுதிகளுக்கு அந்த விதியில் விலக்குக் கொடுத்தார்கள். மீனவர் குடிசைக்கு ஆபத்தான கடல் விடுதிக்கு மட்டும் எப்படி ஆபத்தில்லாமல் போகும்? இந்தக் கேள்வியை அங்குள்ள மீனவர்களே கேட்டார்கள். அம்பாறையின் அறுகம்குடாவில், அலைச்சறுக்குக்குப் பேர்போன அந்தக் கடற்கரையைப் பெரிய சுற்றுலா மையமாக்கத் திட்டம் வந்தபோது தெருவில் இறங்கினார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகு அரசு அந்தத் தூரத்தைக் குறைத்தது.

அதே அலை நம் நாகப்பட்டினத்திலும் அடித்தது. அங்கே நடந்ததை நாம் மறக்கவில்லை. நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டார்கள். படகும் வலையும் இழந்தவர் மட்டுமே பாதிக்கப்பட்டவர் என்று பட்டியல் போட்டதில், உப்பேறிய வயலில் கூலி இழந்த தலித் தொழிலாளி பட்டியலுக்கு வெளியே நின்றார். இரண்டு கரைகளிலும் கடல் சாதி பார்க்கவில்லை. கணக்கெடுத்தவர்கள் பார்த்தார்கள். இழப்பு என்று எதைக் கணக்கில் எடுப்பது என்பதை, உடைமை உள்ளவரின் கண்தான் முடிவு செய்தது.

போருக்குப் பின் வந்த விடுதி

2009 மே மாதம் போர் முடிந்தது. அந்த ஆண்டு வந்தவர்கள் 4,47,890 பேர். 2010 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ், அந்த ஆண்டு பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் இலங்கையை முதலிடத்தில் வைத்தது. 2018இல் பயணிகள் 23 லட்சத்தைத் தாண்டினார்கள். மீட்சி என்றால் இதுதான் மீட்சி என்று உலகமே பாராட்டியது.

இப்போது யாழ்ப்பாணத்தின் வடகரைக்குப் போவோம். காங்கேசன்துறை, கீரிமலை, மாவிட்டபுரம் எல்லாம் அடுத்தடுத்த ஊர்கள். மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காக 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினார்கள். அந்த வட்டாரத்தில் 1990இல் மீண்டும் போர் மூண்டபோது மக்கள் அனைவரும் வெளியேற நேர்ந்தது. பெரும் நிலப்பரப்பு உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. சாதி பார்க்காமல் எல்லோரும்தான் ஊரை இழந்தார்கள்.

ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி மீளவில்லை. பணமும் உறவும் உள்ளவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள், அல்லது வேறு ஊரில் காணி வாங்கினார்கள். மல்லாகம், கோணாப்புலம் போன்ற இடங்களில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் முகாமிலேயே தங்கிப்போனவர்களில் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பின்னர் நிலம் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கப்பட்டபோதும் உறுதி வைத்திருந்தவர்களுக்குத்தான் நிலம் கிடைத்தது. அங்கே உறுதி என்பது நம் ஊர்ப் பத்திரம். தலைமுறை தலைமுறையாகப் பிறர் காணியில் குடியிருந்தவர்களிடம் காட்ட என்ன இருக்கும்? திரும்பிப் போக அவர்களுக்கென்று ஓர் இடமே இல்லை.

அவர்கள் முகாமில் இருந்த அதே காலத்தில், காங்கேசன்துறையில் அந்த வலயத்துக்குள்ளேயே ராணுவம் ஒரு கடற்கரை விடுதியைத் திறந்தது. அதன் பெயர் தல்செவன, சிங்களத்தில் பனை நிழல் என்று பொருள். பனையேறிப் பிழைத்த சாதியார் முகாமில் தகரக் கூரைக்குக் கீழே இருந்தார்கள். அவர்கள் திரும்ப முடியாத கரையில் பனை நிழல் வாடகைக்கு விடப்பட்டது. முல்லைத்தீவில் நந்திக்கடல் ஓரத்திலும் ராணுவம் ஒரு சொகுசு விடுதியைத் திறந்தது. 2009 மே மாதம் போரின் கடைசி நாட்கள் கழிந்த நீர்ப்பரப்பு அது.

இதைத் தமிழர் மீது மட்டும் நடந்ததாகச் சுருக்கிவிட வேண்டாம். அறுகம்குடாவுக்குத் தெற்கே பாணமை என்ற ஊரில் சிங்களரே பெரும்பான்மை, தமிழரும் கலந்து வாழ்கிறார்கள். 2010 ஜூலை 17 இரவு ஆயுதம் தாங்கியவர்கள் வந்து அங்குள்ள விவசாய, மீனவக் குடும்பங்களைக் கரையோர நிலத்திலிருந்து விரட்டினார்கள். குடிசைகள் எரிந்தன. பிறகு அந்த நிலம் கடற்படை, விமானப்படை வசம் போனது. கடற்படை அங்கே சுற்றுலா விடுதி நடத்தியது. பாணமை மக்கள் சும்மா இருக்கவில்லை. வழக்குப் போட்டார்கள், கொழும்பு வரை போனார்கள். 2015இல் அமைச்சரவை நிலத்தின் பெரும்பகுதியைத் திருப்பித் தர முடிவெடுத்தும் நடக்காததால், 2016இல் தாங்களே நிலத்துக்குள் நுழைந்தார்கள்.

பாசிக்குடாவில் போர் முடிந்ததும் விடுதிகள் வரிசையாக எழும்பின. மீனவர்கள் படகைக் கரையேற்றும் இடம் சுருங்கியது. கடற்கரை சட்டப்படி எல்லோருக்கும் பொதுதான். பொது என்ற சொல்லின் எடை நமக்குத் தெரியும். மகாடு சவுதார் குளத்தை நகராட்சி 1924லேயே எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆனாலும் அதன் நீரைத் தொட்டுக் குடிக்க 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போக வேண்டியிருந்தது. ஏட்டில் திறந்த இடம் காலுக்குத் திறக்க ஒரு போராட்டம் தேவைப்படுகிறது.

எண்ணிக்கையைத் தொடாத பேரிடர்

2014 அக்டோபர் 29 காலை. பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளின் மேல் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் மண்ணோடு மண்ணானார்கள். அந்தச் சரிவு ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. ஆனால் எச்சரிக்கை கேட்டு எங்கே போவது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1948 குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர் ஆக்கியது. குடியுரிமை திரும்பக் கிடைத்த பிறகும் தங்கும் லயனும் அது நிற்கும் மண்ணும் அவர்கள் பெயரில் இல்லை.

அந்த 2014ஆம் ஆண்டில்தான் இலங்கை வந்த பயணிகள் எண்ணிக்கை முதல் முறையாக 15 லட்சத்தைத் தாண்டியது. சுற்றுலா விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் முகம் எது? கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும் மலையகப் பெண்ணின் முகம். அவள் சிரித்தால் விளம்பரம். அவள் வீடு மண்ணுக்குள் போனால் சுற்றுலாவின் எண்ணிக்கை அசைவதே இல்லை. பயணி கால் வைக்காத இடத்தில் நடக்கும் பேரிடரைச் சுற்றுலாக் கணக்கு பேரிடராகவே பார்ப்பதில்லை.

2019க்குப் பிறகு

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று நட்சத்திர விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 மே மாதம் 1,29,466 பேர் வந்த நாட்டுக்கு 2019 மே மாதம் வந்தவர்கள் 37,802 பேர். அரசு வேகமாகச் செயல்பட்டது. சுற்றுலா நிறுவனங்களின் கடன் தவணைகளை ஒத்திவைத்தது, 48 நாட்டவருக்கு விசாக் கட்டணத்தை நீக்கியது. வங்கிக் கடன் வாங்கும் தகுதியே இல்லாத தினக்கூலிக்கு எந்தத் தவணையை ஒத்திவைப்பது? அதே மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. யாரோ செய்த குற்றத்துக்கு ஒரு சமூகமே தண்டனை அனுபவித்தது.

பின்னாலேயே பெருந்தொற்று வந்தது. 2021இல் வந்தவர்கள் 1,94,495 பேர் மட்டுமே. நாட்டின் டாலர் வரவில் ஒரு முக்கியமான ஊற்று வற்றியது. 2022 பொருளாதார வீழ்ச்சிக்கு வேறு பல காரணங்களோடு அதுவும் ஒரு காரணம். 2024இல் எண்ணிக்கை மீண்டும் 20 லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே காசா போரின் நிழல் அறுகம்குடாவில் விழுந்தது. இஸ்ரேலியப் பயணிகள் தாக்கப்படலாம் என்ற எச்சரிக்கை வந்தது, அவர்களை உடனே வெளியேறும்படி இஸ்ரேல் அறிவித்தது. எங்கோ நடக்கும் போர் ஒரு சின்னக் கடற்கரையின் பிழைப்பை ஒரே நாளில் உலுக்கிவிடுகிறது.

தோழர்களே, இந்த நாற்பது ஆண்டுகளில் ஒன்று திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. பேரிடர் மக்களைக் கரையிலிருந்து அகற்றுகிறது. மீட்சி அவர்களைத் திரும்ப விடாமல் தடுக்கிறது. பத்திரம் இல்லாதவர்கள் முதலில் வெளியேற்றப்படுகிறார்கள், கடைசியாகவும் திரும்புவதில்லை. பத்திரம் ஏன் இல்லை என்று கேட்டால் பதில் சாதியில் வந்து நிற்கிறது.

எனவே இனி எந்த ஊரிலாவது சுற்றுலா மீண்டது என்று செய்தி வந்தால், வருகை எண்ணிக்கையோடு நின்றுவிட வேண்டாம். பேரிடருக்கு முன் அந்த நிலத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். இப்போது அது யார் பெயரில் இருக்கிறது என்று நிலப் பதிவேட்டில் தேடுங்கள். நிவாரணப் பட்டியலில் கூலிக்காரரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் கடற்கரைகளிலும் மலைகளிலும் அடுத்த புயலுக்குப் பிறகு இதே கோடு போடப்படலாம். அப்போது கையில் ஆவணத்தோடு நிற்க, இப்போதே சேரிதோறும் குப்பம்தோறும் போய் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று எழுதி வைப்போம். பாணமை மக்கள் ஆறு ஆண்டுகள் கழித்துத் தங்கள் மண்ணில் கால் வைத்தார்கள். அந்த மண்ணில் தாங்கள்தான் இருந்தோம் என்பதை அவர்கள் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை.