திரும்பி வருவதற்காகக் கட்டிய மூட்டை

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் ‘ஊரு’ என்ற சொல்லுக்கு நீண்ட காலம் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. ‘ஊர்ல இருந்து கடுதாசி வந்திருக்கு’, ‘அவங்கல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க’ என்று சொன்னால் கோலசிலாங்கூரையோ ரவாங்கையோ யாரும் நினைக்கமாட்டார்கள். கடலுக்கு அப்பால் திருச்சியிலோ சேலத்திலோ வட ஆர்க்காட்டிலோ இருக்கும் ஒரு கிராமம்தான் ஊர். லயத்திலேயே பிறந்து, அந்தக் கிராமத்தைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளும் அப்படித்தான் பேசினார்கள். இதை ஏக்கம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஏக்கத்தைவிடக் கெட்டியான ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். புறப்படும்போது நம் மக்கள் எப்படித் தயார் செய்யப்பட்டார்கள் என்ற வரலாறு அது.

‘தயாரானார்கள்’ என்று எழுதாமல் ‘தயார் செய்யப்பட்டார்கள்’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. வெளிநாடு போகிற ஒருவர் கடவுச்சீட்டு எடுப்பார், ஊசி போட்டுக்கொள்வார், கடனைத் தீர்ப்பார், பெட்டி கட்டுவார். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டு, கங்காணி முறை ஓங்கிய காலத்தில் மலாயாவுக்கு வந்தவர்களுக்கும் இதெல்லாம் நடந்தது. ஆனால் அநேகமாக எதுவும் அவர்கள் கையால் நடக்கவில்லை.

முதலில் கங்காணி வருவார். அவரும் ஏதாவதொரு தோட்டத்தில் வேலை செய்பவர்தான். துரையிடம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, சொந்த ஊருக்கே ஆள் கட்ட வருவார். நல்ல வேட்டி, விரலில் மோதிரம். பஞ்சத்திலும் பண்ணைக் கடனிலும் கிடந்த சேரிக்கு அந்த மோதிரமே போதுமான விளம்பரம். புறப்படச் சம்மதித்தவரின் சில்லறைக் கடனைத் தீர்க்கவும் துணிமணி வாங்கவும் அவரே முன்பணம் கொடுப்பார். பிறகு கிராம முன்சீப்பின் முன் நிறுத்துவார். இன்னார் போவதற்குத் தடையில்லை என்று முன்சீப் ஒப்பமிடவேண்டும். யாருடைய நிலத்தை விட்டு ஓடப்பார்க்கிறாரோ அந்த மிராசுதாரின் சாதிக்காரராகவோ உறவினராகவோதான் பல ஊர்களில் முன்சீப் இருந்தார். ஆகவே, பண்ணையை விட்டுப் போகப் பண்ணையிடமே அனுமதி கேட்பது மாதிரிதான் பல இடங்களில் இது நடந்தது. இரவோடு இரவாகப் புறப்பட்டவர்களின் கதைகள் தோட்டந்தோறும் இருப்பதில் ஆச்சரியமில்லை.

அடுத்தது டிப்போ. மலாயாவுக்குப் போகிறவர்களுக்கென்று ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. அங்கே மருத்துவர் உடம்பைச் சோதிப்பார். அம்மை குத்துவார்கள். விரும்பித்தான் போகிறாயா என்று அதிகாரி கேட்பார். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு இந்தக் கேள்விகள் இன்னும் கறாராயின. பிறகு கப்பல் வரும்வரை காத்திருப்பு. 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா மாதிரியான கப்பல்களின் திறந்த தளத்தில் பாய் விரித்து, ஏறத்தாழ ஒரு வாரக் கடல். சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பலர் இறங்கியது போர்ட் சுவெட்டன்ஹாமில், இன்றைய கிள்ளான் துறைமுகத்தில். நேராகத் தோட்டத்துக்குப் போய்விட முடியாது. தொற்றுத்தடுப்பு முகாமில் சில நாட்கள் வைத்திருந்துதான் தோட்டத்து ஆளிடம் ஒப்படைப்பார்கள்.

இத்தனைக்கும் பயணிக்கு டிக்கெட் செலவு இல்லை. 1907இல் தொடங்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி அதைப் பார்த்துக்கொண்டது. தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு, முதலாளிகள் அதற்கேற்பப் பணம் கட்டவேண்டும். ஆள் பிடிக்கும் செலவும் கப்பல் கட்டணமும் அந்தப் பணத்தில்தான். தொழிலாளி கடனில்லாமல் வந்து இறங்குகிறார் என்று முதலாளிகள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் வேலையை விட்டுப் போகலாம் என்ற சுதந்திரமும் சட்டத்தில் இருந்தது.

இதே நிதியின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். வயதானவர்களையும் வேலைக்கு லாயக்கில்லாதவர்களையும் திருப்பி அனுப்பும் செலவும் இதிலிருந்துதான் போனது. வருகைக்கும் திரும்புதலுக்கும் ஒரே பணப்பை. 1930இல் ரப்பர் விலை விழுந்தபோது அந்தப் பையின் உபயோகம் வெட்டவெளிச்சமானது. ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். பல்லாயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறக்கிவிட்டார்கள். விலை ஏறியதும் மறுபடி கங்காணிகள் கிளம்பினார்கள். மலாயாவின் ரப்பர்த் தொழிலுக்குத் தேவைப்பட்டது தொழிலாளிகள் மட்டும் அன்று, திருப்பி அனுப்பக்கூடிய தொழிலாளிகள். கர்னியல் சிங் சந்துவின் கணக்குப்படி 1786க்கும் 1957க்கும் இடையில் மலாயாவுக்குள் வந்த இந்தியர்கள் நாற்பது லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதியினர் திரும்பிப் போய்விட்டார்கள். இந்த எண்ணைப் பார்த்தால் தமிழர் மலாயாவில் குடியேறினார்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதக் கை வராது. வந்து போனார்கள், அதில் கொஞ்சம் பேர் நின்றுவிட்டார்கள் என்பதுதான் சரி.

வந்தவர்கள் மனதிலும் கணக்கு அதுவாகத்தான் இருந்தது. ‘மூனு வருசம் சம்பாரிச்சிட்டு வந்துறலாம்’ என்ற நினைப்போடு மூட்டை கட்டியவர்கள் அவர்கள். தோட்ட நிர்வாகமும் இந்திய அரசும் அவர்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் இந்தத் தற்காலிகம்தான். தற்காலிகமானவருக்கு எதற்கு நிலம்? லயத்தில் ஓர் அறை போதும். தற்காலிகமானவரின் பிள்ளைக்கு எதற்கு உயர்நிலைப்பள்ளி? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலைந்து வகுப்பு போதும். பிறப்புப் பத்திரம் எடுக்காவிட்டால் என்ன? ஊருக்குப் போகிற ஆள்தானே.

1938 ஜூனில் இந்திய அரசு, உதவிப் பயணத்தில் தொழிலாளர்கள் மலாயாவுக்குப் போவதைத் தடை செய்தது. கூலிக் குறைப்பை ஒட்டி எழுந்த தகராறு அதற்குக் காரணம். அதற்கு முந்தைய ஆண்டே, மலாயாவைப் பார்த்துவிட்டுப்போன சீனிவாச சாஸ்திரி தன் அறிக்கையில் கங்காணி முறை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இப்படியாகக் கங்காணியின் காலம் முடிந்தது. புதிதாக ஆள் வருவது நின்றதும் இருந்தவர்கள் குடும்பமாக வேர்பிடித்தார்கள். ஆனால் ‘ஊரு’ என்ற சொல் மாறவில்லை.

இடையில் ஜப்பானியர் காலத்தில் இன்னொரு புறப்பாடு நடந்தது. சயாமில் மூன்று மாத வேலை என்று சொல்லித் தோட்டங்களில் ஆள் சேர்த்தார்கள். சேராதவர்களைப் பிடித்தும் ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலோர் தமிழர்கள். மூன்று மாதத்துக்கான ஒரு வேட்டி துண்டோடு போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் அதை நாவல்களாக எழுதிவைத்திருப்பதால் இங்கே விரிக்கவில்லை. தமிழ்த் தொழிலாளியிடம் எப்போதும் குறுகிய காலக்கெடுதான் சொல்லப்பட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

1957க்கு வருவோம். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் மலாயா இந்தியர்களில் பாதிக்கு மேல் இங்கேயே பிறந்தவர்கள். சுதந்திரத்தோடு குடியுரிமைச் சட்டமும் வந்தது. 1957 ஆகஸ்ட் 31ஆம் தேதியிலிருந்து இந்த மண்ணில் பிறக்கும் குழந்தை தானாகவே குடிமகன். அதற்குமுன் இங்கே பிறந்தவர்களும் வெளியிலிருந்து வந்து தங்கியவர்களும் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ளலாம். குறிப்பிட்ட ஆண்டுகள் இங்கே வசித்திருக்கவேண்டும், கொஞ்சம் மலாய் தெரிந்திருக்கவேண்டும். இங்கே பிறந்தவர்கள் முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்த் தேர்வும் இல்லை.

கதவு திறந்திருந்தது. பல்லாயிரம் தமிழர்கள் அதன் வழியே உள்ளே போனார்கள். பல்லாயிரம் பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பாமரத்தனம் என்று அதைச் சொல்வது நம்மிடையே வழக்கம். நான் அப்படிப் பார்க்கவில்லை. எந்தக் காகிதத்தையும் தன் கையால் நிரப்பத் தேவையில்லாத விதத்தில் ஐம்பது ஆண்டுகள் ஒரு சமூகத்தை நடத்தியிருக்கிறார்கள். பெயரைக் கிராணி எழுதினார். எழுத்துப்பிழையோடு எழுதினாலும் அதுதான் பெயர். வயதைக் குத்துமதிப்பாகப் போட்டார்கள். பிள்ளை லயத்தில் பிறந்தது, மருத்துவச்சி பார்த்தாள், பதியவில்லை. அப்படிப்பட்டவரிடம் ஒருநாள் திடீரென்று பிறந்த தேதிக்கு அத்தாட்சி கொண்டுவரச் சொன்னால் எங்கே போவார்? போதாததற்குப் பேரட்டு நேரத்தை விட்டுவிட்டு டவுனுக்குப் போனால் ஒருநாள் சம்பளம் போய்விடும். கூடவே அந்தப் பழைய கணக்கு: இன்னும் ரெண்டு வருசத்துல ஊருக்குப் போறதுதானே.

தங்குவதற்குத் தயாராகுங்கள் என்று சொன்ன குரல்களும் இருந்தன. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொழிலாளர்களிடமே பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்குவது அதன் நோக்கம். தோட்டத் தமிழன் இந்த மண்ணில் முதல்தடவையாக நிரந்தரத்துக்குப் பணம் கட்டினான் என்பதுதான் அதில் எனக்கு முக்கியம். ஆனால் நிலத்தில் பங்கு வாங்கியவரிடமும் நீல அடையாள அட்டை இருந்தால்தான் அடுத்து வந்த சட்டத்தைச் சமாளிக்க முடியும்.

1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு அது இறுகியது. முப்பது, நாற்பது வருடமாக அதே மரத்தில் பால் வெட்டியவர்கள் ‘செவப்பு ஐ.சி’ என்ற ஒரே காரணத்தால் அந்நியத் தொழிலாளர்கள் ஆனார்கள். சட்டம் குடும்பங்களை எப்படிப் பிளந்தது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாய் தகப்பன் இருவரும் இந்தியாவில் பிறந்து, பதிவு செய்யாமல் இருந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிலாங்கூர் லயத்தில் 1955இல் பிறந்த மூத்த பிள்ளை தானாகக் குடிமகன் ஆவதில்லை. 1958இல் அதே லயத்தில், அதே அறையில் பிறந்த இளையவன் குடிமகன். ஒரே தட்டில் சாப்பிட்ட அண்ணன் தம்பி இருவரில் ஒருவன் மலேசியன், ஒருவன் இல்லை.

அப்போது நாட்டை விட்டுப் போன இந்தியர்கள் ஏறத்தாழ 60,000 பேர் என்பது ஆய்வாளர்கள் வழக்கமாகத் தரும் எண். இந்தமுறை மூட்டையை அவர்களே கட்டவேண்டியிருந்தது. இந்தியத் தூதரகத்தில் கடவுச்சீட்டு, சேமநிதிப் பணத்தை எடுக்க மனு, வளர்த்த மாட்டை விற்பது, கூட்டு கட்டியிருந்தால் கணக்கு முடிப்பது, பெரிய பெண்ணை இங்கேயே யாருக்காவது கட்டிக்கொடுத்துவிட்டுப் போவதா, கூட்டிக்கொண்டு போவதா என்ற யோசனை. மரப்பெட்டிக்குள் சைக்கிள் பாகங்களும் தையல் மிஷினும் கோடாலித் தைலமும் போயின. வந்தபோது யாரோ செய்துகொடுத்த தயாரிப்புகள் அத்தனையும் போகும்போது தலையில் விழுந்தன, அதுவும் சில மாதங்களுக்குள். அப்பனைக் கொண்டுவந்த அதே ரஜூலாதான் பல மகன்களைக் கொண்டுபோனது. 1973வரை அது ஓடிக்கொண்டிருந்தது.

போனவர்களில் எத்தனையோ பேருக்கு ‘ஊரு’ என்பது புது வெளிநாடு. இலங்கையிலிருந்து போனவர்களுக்கு 1964ஆம் ஆண்டு சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் என்று ஒன்றாவது இருந்தது. மண்டபம் முகாம் இருந்தது, மறுவாழ்வு என்ற பெயரில் சில திட்டங்கள் இருந்தன. பர்மாவிலிருந்து போனவர்களின் பெயரில் சென்னையில் ஒரு கடைத்தெருவே இருக்கிறது. மலேசியாவிலிருந்து போனவர்களுக்கு ஒப்பந்தமும் கிடையாது, கடைத்தெருவும் கிடையாது. எந்த நாட்டின் கணக்கிலும் அவர்கள் அகதிகள் இல்லை. வீடு திரும்பியவர்கள், அவ்வளவுதான்.

இன்று புக்கிட் பெருந்துங் வட்டாரத்தில் பழைய தோட்டங்களைத் தேடினால் பெயர்கள்தாம் மிச்சம். தொண்ணூறுகளில் நெடுஞ்சாலையோரம் புதுநகரம் எழுந்தது. நைஜல் கார்ட்னர் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயராக நிற்கிறது. புக்கிட் தாகாரில் 2005லிருந்து கோலாலம்பூரின் குப்பை புதைக்கப்படுகிறது. காகிதப் பிரச்சினையும் முழுதாகத் தீரவில்லை. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாத இந்தியர்களைப் பதிவுசெய்ய 2011இல்கூட ‘மைடஃப்தார்’ என்று அரசு ஓர் இயக்கம் நடத்தவேண்டியிருந்தது. பதியப்படாத ஒரு பாட்டியின் காகிதக்குறை பேரப்பிள்ளையின் பள்ளிச்சேர்க்கைவரை நீண்டு வருவதைத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்கள் நன்றாக அறிவார்கள்.

தமிழர் வெட்டிய ரப்பர் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. அதில் குலை தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஏஜெண்ட், மருத்துவப் பரிசோதனை, பெர்மிட், முதலாளியின் மேஜை இழுப்பறைக்குள் பாஸ்போர்ட் என்று அவர்களுடைய கதையும் நமக்குத் தெரிந்த வரிசையில்தான் நகர்கிறது. ‘பங்களா’ என்று அவர்களைக் கூப்பிட்டுவிட்டுக் கடந்து போகிறோம். அவர்களும் ரெண்டு மூனு வருசத்துக்குத்தான் மூட்டை கட்டி வந்திருக்கிறார்கள்.