தேசியக் கல்விமுறையின் உறுதி: ரசாக் அறிக்கைக்குப் பின்னரான மலாயா குறித்து ஒரு நோக்கு

நாட்டின் கல்வி வரலாறு நம் நூல்களில் பெரும்பாலும் அறிக்கைகளின் வரிசையாகவே நின்றுவிடுகிறது. பார்ன்ஸ் (1951), பென்-ஊ (1951), ரசாக் (1956), ரஹ்மான் தாலிப் (1960) என மாணவர் மனனம் செய்வர். இவற்றுள் எது தமிழுக்கு உகந்தது, எது உகந்ததன்று என்னும் அளவில் ஆய்வும் முடிந்துவிடும். நாம் இங்கு எழுப்பும் வினா வேறு. விடுதலைக்கு முன்னர் நான்கு மொழிவழிகளாகப் பிரிந்து கிடந்த பள்ளியமைப்பு, ஒரே முறையாகி நிலைபெற்றது எவ்வாறு? அது எங்குத் தளர்ந்தது?

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என விதித்தது. ஆனால் ஆசிரியர் தரத்தில் அத்தகைய கண்டிப்பு இருக்கவில்லை. கிராணியோ கங்காணியோ கற்பித்த பள்ளிகள் பல. பாடநூல்கள் தமிழகத்திலிருந்து வந்தன. பார்ன்ஸ் குழு இப்பள்ளிகளை அகற்றி, மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் ஒரே தேசியப் பள்ளியை முன்மொழிந்தது. ரசாக் குழுவோ பயிற்றுமொழி வேறுபடலாம், பாடத்திட்டம் ஒன்றாக வேண்டும் என்றது. பிற்கால உறுதிக்கு அடித்தளம் இம்முடிவே என்பது நம் கருத்து. தேசிய மொழியே முதன்மைப் பயிற்றுமொழி என்னும் 'இறுதி இலக்கு' அதே அறிக்கையின் 12ஆம் பத்தியில் இடம்பெற்றிருந்ததையும் மறத்தற்கில்லை.

பாடத்திட்டத்தைத் தாளில் எழுதுவது எளிது. கற்பிக்க ஆள் வேண்டும். இங்கிலாந்தின் கிர்க்பியில் 1952 முதலும், பிரின்ஸ்போர்ட் லாட்ஜில் 1955 முதலும் மலாயா ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர். இக்கல்லூரிகள் ஆங்கிலவழிப் பள்ளிகளை மனத்தில் கொண்டே அமைந்தவை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பலர், பகலில் கற்பித்து வார இறுதியில் பயிற்சி பெற்றவர்கள். ஒரே பாடத்திட்டத்தை இருவேறு தயாரிப்புடையோர் சுமந்தனர் என்பதைக் கணக்கில் கொள்ளாது, தேர்ச்சி விழுக்காடுகளை மட்டும் ஒப்பிடுவது நேர்மையாகாது.

காலத்தைக் கையாண்ட முறையே இவ்வரலாற்றில் நம்மை மிகவும் ஈர்ப்பது. ஆங்கிலவழிப் பள்ளிகளை மலாய்மொழிக்கு மாற்றும் பணி 1970இல் முதலாம் ஆண்டில் தொடங்கியது. ஒவ்வோராண்டும் ஒரு வகுப்பாக அது மேலேறியது. 1976இல் முதலாம் படிவத்தையும், 1980இல் ஐந்தாம் படிவத்தையும் எட்டி, 1983இல் பல்கலைக்கழகத்தின் வாயிலை அடைந்தது. அக்கொள்கையை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். ஆயினும் ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கிய மாணவர் இடைவழியில் மொழி மாற நேரவில்லை. ஆசிரியருக்கும் பாடநூலாக்கத்துக்கும் பதின்மூன்று ஆண்டுகள் கிடைத்தன. இதனோடு 2003ஐ ஒப்பிடுக. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் முதலாம் ஆண்டு, முதலாம் படிவம், கீழ் ஆறாம் படிவம் ஆகிய மூன்றிலும் ஒரே வேளையில் புகுத்தப்பட்டது. ஆறாண்டுகள் தாய்மொழியில் கணிதம் பயின்ற பிள்ளை ஏழாம் ஆண்டில் ஆங்கிலச் சொற்களை எதிர்கொண்டது. 2009இல் அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. சீனப்பள்ளிகள் அவ்விடைக்காலத்தில் இருமொழியிலும் கற்பித்துத் தம் மொழிப் பயிற்சியைக் காத்துக்கொண்டன; தமிழ்ப்பள்ளிகள் முழுமையாக மாறி, முழுமையாகத் திரும்ப வேண்டியதாயிற்று. தமிழில் அறிவியல் கலைச்சொற்களைக் கற்பிக்கும் பழக்கத்தில் அதனால் நேர்ந்த இடைவெளியை ஆசிரியர்கள் நன்கறிவர்.

இனி, தளர்ந்த இடத்துக்கு வருவோம். இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு அகற்றப்பட்டு, 1965 முதல் அனைவர்க்கும் கீழ்இடைநிலைக் கல்வி திறந்துவிடப்பட்டது பெருஞ்செயலே. ஆயினும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அரசு உதவி பெறும் இடைநிலைக் கல்வி தேசியமொழிக்கோ ஆங்கிலத்துக்கோ உரியதாயிற்று. தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நின்றது. (சிங்கப்பூரில் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982 வரை இயங்கியதை இங்கு நினைவிற்கொள்ளலாம்.) இவ்விடைவெளியில் போடப்பட்ட பாலமே புகுமுக வகுப்பு, பேச்சுவழக்கில் 'ரிமூவ் வகுப்பு'. பலரை அது கரைசேர்த்தது உண்மை. ஆனால் ஏழைத் தோட்டக் குடும்பத்துக்குப் பிள்ளையின் படிப்பில் ஓராண்டு கூடுவது என்பது ஓராண்டுக் கூலி குறைவதுமாகும். மொழிப் பிரச்சினை என்று நாம் எழுதுவதில் ஒரு பகுதி வருமானப் பிரச்சினையே.

1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 என்னும் அளவில் உள்ளன. இச்சரிவுக்குக் கல்விக் கொள்கையை மட்டுமே காரணமாக்குவது நம் மேடைகளில் வழக்கம். தோட்டத் துண்டாடல், ரப்பர் செம்பனைக்கு இடம்விட்டது, நிலம் வீடமைப்புக்குக் கைமாறியது, மக்கள் நகரம் பெயர்ந்தது ஆகியவற்றை அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது. பள்ளி நின்ற நிலம் தோட்ட நிருவாகத்துக்கு உரியது. ஆதலின் அப்பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளியாகவே இருந்தது. தாய்மொழிப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்ற அமைச்சருக்கு அதிகாரம் தந்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21(2)ஆம் பிரிவு, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. தமிழ்ப்பள்ளியின் பெயருக்கு அதனால் அச்சம் நீங்கியது. நிலத்தைப் பற்றி அச்சட்டம் அவ்வாறு எதுவும் செய்துவிடவில்லை.