சாய்ந்த எழுத்தும் விரைவும்

ஓடுகின்றவனைப் பாருங்கள்; அவன் உடல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். பந்தயக் கார்களின் பக்கங்களிலும் விளையாட்டுக் காலணிப் பெட்டிகளிலும் விண்வெளிக் கதைகளின் அட்டைகளிலும் நாம் காணும் ஆங்கில எழுத்துகள் பலவும் அவ்வாறே சாய்ந்து நிற்கின்றன. இச்சாய்வு எங்கிருந்து வந்தது என்று நான் தேடிச் சென்றபோது, அதன் தொடக்கத்தில் வண்டியும் இல்லை, பந்தயமும் இல்லை என்று கண்டேன்.

1501ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூஷியஸ், வெர்ஜிலின் கவிதைகளைச் சிறு நூலாக வெளியிட்டார். அதற்கெனப் பிரான்செஸ்கோ கிரிஃபோ செதுக்கிய எழுத்துகள் கற்றோரின் கையெழுத்தை ஒட்டிச் சாய்ந்திருந்தன. அது விரைந்தெழுதும் கையின் சாய்வு. ஓடும் சக்கரத்தின் சாய்வன்று. கோட்டு முனைகளில் சிறு கொடுக்குகள் அற்ற அச்செழுத்தோ 1816இல்தான் இலண்டனில், நான்காம் வில்லியம் காஸ்லனின் மாதிரி நூலில் தோன்றியது.

மோட்டார் வண்டி வந்த பிறகு கதை மாறிற்று. அக்காலப் புகைப்படக் கருவிகள் சிலவற்றில் ஒரு பிளவுத் திரை படத்தைப் பகுதி பகுதியாகப் பதிவு செய்யும். அதற்குள் கார் நகர்ந்துவிடுமாதலால், சக்கரங்கள் முட்டை வடிவில் சாய்ந்து பதியும். கருவியின் குறைதான்! ஆயினும், சாய்வென்றால் விரைவு என்று நம் கண் பழகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

எதிர்காலச் சாயல் இத்தாலியின் தூரின் நகரிலிருந்து வந்தது. அங்கே நெபியோலோ எழுத்து வார்ப்புச் சாலைக்காக அலெஸ்ஸான்ட்ரோ புட்டியும் ஆல்டோ நோவரேசேயும் 1952இல் மைக்ரோகிராமாவை அமைத்தனர். அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. 1962இல் நோவரேசே சிறிய எழுத்துகளும் சேர்த்து யூரோஸ்டைலை உருவாக்கினார். மூலை மழுங்கிய சதுரமே அதன் உயிர். அந்நாளையத் தொலைக்காட்சித் திரையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சதுர வடிவைச் சாய்த்து அகலப்படுத்தினால், விளையாட்டு விளம்பரங்களில் நாம் காணும் எழுத்து வந்துவிடும்.

வந்துவிடுமா? தடித்த நூலொன்றின் தாள் விளிம்பில் பட்டையான வளையம் ஒன்றை வரைந்து, தாள்களைப் பக்கவாட்டில் வலப்புறம் சரியவிட்டுப் பார்த்தேன். வளையத்தின் வலது மேற்புறமும் இடது கீழ்ப்புறமும் பருத்தன. மற்ற இரு புறங்களும் மெலிந்தன. நீங்களும் செய்து பாருங்கள். ஈயத்தில் வார்த்த காலத்தில் சாய்வெழுத்தைத் தனியே செதுக்கினர். அதனால் இக்குறையைக் கைத்திறன் திருத்தியது. இன்று கணிப்பொறியில் ஒரு விசையைத் தட்டினால் எந்த எழுத்தும் சாய்கிறது, யாரும் திருத்துவதில்லை. அவ்வாறு சாய்த்த சதுர எழுத்தில் 8 என்பதும் 6 என்பதும் தொலைவிலிருந்து ஒன்றேபோல் தோன்றும். பந்தயத் திடலில் ஒரு காரை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய உதவுவதோ, அந்த எண்தான்.