வீடும் அவகாசமும்: யாழ்ப்பாணத்து வாடகைக் குடியிருப்புரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணச் சமூகத்தில் வீடு வெறும் உறைவிடம் மட்டுமன்று. முதுசமாகவும் சீதனமாகவும் தலைமுறை தோறும் கைமாறி வரும் உடைமையும் அதுவேயாகும். ஆதலால், வாடகைக்குக் கொடுத்த வீட்டை உரிமையாளர் திருப்பிக் கேட்கும் வேளையில் இரு நியாயங்கள் எதிரெதிராக நிற்கின்றன. மகளின் திருமணத்தின்போது எழுதிக் கொடுக்க வேண்டிய வீடு என்பது உரிமையாளரின் நியாயம். தொழிலும் பிள்ளைகளின் கல்வியும் அவ்வீட்டைச் சார்ந்தே அமைந்துவிட்டன என்பது குடியிருப்பவரின் நியாயம். இவ்விரண்டுக்குமிடையே சட்டம் எவ்வாறு வழிகண்டது என்பது ஆராயத்தக்கது.

ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், ஆள்பதி கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸின் பணிப்புக்கிணங்கத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழக்காறுகளைத் தொகுத்து 1707இல் கையளித்தார். பன்னிரு முதலியார்கள் அத்தொகுப்பைப் பரிசீலித்தனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் இத்தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். அதில் ஒற்றி பற்றிய விதிகள் ஈண்டு நோக்கற்பாலன. ஒற்றி வாடகையன்று, கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தின் பயனை அனுபவிக்கும் ஏற்பாடே அது. எனினும், நிலத்தை மீட்க விரும்பும் சொந்தக்காரர் பயிரின் பருவமறிந்து உரிய காலத்தில் முன்னறிவித்தல் வேண்டும் என அவ்வழமை கொண்டது. உழைப்பை இட்டவர் திடீரென வெளியேற்றப்படலாகாது என்பதே அதன் உட்கிடை.

வாடகை வீடுகளைப் பொறுத்தவரை ஆட்சி செய்தது உரோம-டச்சுச் சட்டமாகும். அதன்படி மாதாந்த வாடகையை ஒரு மாத முன்னறிவித்தலால் முடிவுறுத்தலாம், காரணம் கூறவேண்டியதில்லை. இந்நிலையை மாற்றியது இரண்டாம் உலகப்போர். போர்க்கால நெருக்கடியில் 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமும், பின்னர் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் அதனைத் தொடர்ந்தன.

1972ஆம் ஆண்டுச் சட்டம் வெளியேற்றத்துக்கான காரணங்களை வரையறுத்தது. வாடகை நிலுவையே காரணமாயின், முதற்றடவைக்கு மூன்று மாதமும், இரண்டாந் தடவைக்கு இரண்டு மாதமும், அதற்குப் பின் ஒரு மாதமும் முன்னறிவித்தல் கொடுக்கப்படல் வேண்டும். அத்தவணை முடியுமுன் நிலுவை முழுவதையும் செலுத்த முன்வந்தவர்மீது வழக்குத் தொடர இயலாது. உரிமையாளருக்கோ அவரது குடும்பத்தவருக்கோ குடியிருக்க வீடு நியாயமாகத் தேவைப்படின், அத்தேவையை நீதிமன்றில் நிறுவ வேண்டியிருந்தது. குடியிருப்பவர் இறந்தால் அவரது வாடகையுரிமை குடும்பத்தினருக்குச் செல்லவும் சட்டம் இடமளித்தது.

எனினும் இப்பாதுகாப்பு எல்லோருக்கும் நன்மையே விளைவித்தது எனக் கூறுதல் பொருந்தாது. கொழும்பிலோ மலாயாவிலோ உத்தியோகம் பார்த்து, ஓய்வுபெற்றுத் தம் ஊருக்குத் திரும்பிய ஒருவர், தமது ஒரே வீட்டுக்காக வழக்காட நேரின் அவருடைய இடரும் சிறிதன்று. 1980, 2002 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்கள் சட்டத்தின் எல்லையைச் சுருக்கின. அவ்வெல்லைக்கு அப்பாற்பட்ட குடியிருப்பவர்களுக்கு எழுத்திலமைந்த உடன்படிக்கையே பெரும் பாதுகாப்பாயிற்று.

இச்சட்டங்கள் வழங்கிய அவகாசத்தின் மதிப்பைப் போர்க்காலம் வேறொரு வகையில் உணர்த்தியது. 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேரத்துள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் சொந்த வீட்டினரும் இருந்தனர். வாடகைக்கு இருந்தோரும் இருந்தனர். சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30இல், இராணுவம் நெருங்கிய வேளையில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். உறுதிப் பத்திரமும் வாடகைச் சிட்டையும் அன்று ஒரே நிலையை அடைந்தன.

மீண்டு வந்தோர் சிலர் தம் வீடுகளில் பிறர் குடியிருக்கக் கண்டனர். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எதிராகப் பத்தாண்டு ஆண்டுகொண்டவர் உரிமை கோரலாம். வாடகைக்கு இருப்பவரோ உரிமையாளரின் அனுமதியுடன் இருப்பவராதலின், காலம் கழிந்தமையால் மட்டும் உரிமையாளராகார். ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றை நாட முடியாதிருந்தோருக்கென 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை இக்கணிப்பிலிருந்து விலக்க அது வழிசெய்தது.

ஒற்றி நிலம் முதல் வாடகை வீடு வரை இவ்வரலாறு முழுவதிலும் ஒரு கோட்பாடு தொடர்ந்து வருதல் தெளிவு. உரிமையாளரின் உரிமையைச் சட்டம் மறுக்கவில்லை. அவ்வுரிமை செயற்படுமுன் காரணமும் காலமும் வேண்டுமென்றே கேட்டது. காரணமுமின்றிக் காலமுமின்றி வெளியேற்றப்படுதலின் துயரை அறிந்த ஒரு சமூகம், தன் வீட்டில் வாடகைக்கு இருப்பவரிடம் வெளியேறுமாறு கூறும்போது அதனை மறத்தல் தகாது.