தோட்டப்பள்ளிக் கற்பலகையும் இன்றைய கட்டுரைப் பாடமும்



மாணவர்க்கு எழுதக் கற்பிக்க எத்தகைய துணைப்பொருளைத் தேர்ந்தெடுப்பது? இவ்வினா நம் தமிழ்ப்பள்ளிகளுக்குப் புதியதன்று.

1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்ப் பேராக் எங்கும் தோட்டங்கள் பெருகின. தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறி வந்தன. 7 முதல் 14 வயதுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். ஆயினும், பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர்.

அன்றைய எழுதுபொருள் மணலும் கற்பலகையுமே. பாடநூல்கள் தமிழகத்திலிருந்து வந்தன. அவை அந்நாட்டுச் சூழலை ஒட்டியவை. பெரட்டுக் களமும் பால் மங்கும் பார்த்து வளர்ந்த பிள்ளை, தான் காணாத ஊரைப் பற்றியே எழுதிப் பழகியது. கற்பலகை சிக்கனமானது, ஆனால், அழித்தவுடன் எழுதியதும் மறைந்துவிடும். சட்டமும் நிருவாக அறிக்கைகளும் ஏட்டில் நிலைத்தன. அப்பிள்ளைகள் எழுதிய வாக்கியங்களோ நமக்குக் கிட்டுவது அரிது.

1950களில் தமிழவேள் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு, மாணவர் மணிமன்றம் வழியாக மாணவர் எழுத்தை அச்சேற்றியது. தம் எழுத்தைப் படிக்க ஒருவர் உண்டு என்பதை மாணவர் உணர்ந்தனர்.

1988 முதல் 2019 வரை நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு வேறொரு துணைப்பொருளை வளர்த்தது. அதுவே மாதிரிக் கட்டுரை நூல். கட்டுரையின் அமைப்பை அறிய அது பயன்படும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், மனனம் செய்த வகுப்பில் முப்பது மாணவர் எழுதினாலும் கிடைப்பது ஒரே தன்கதைதான். 2021இல் அத்தேர்வு அகற்றப்பட்டது. மனனப் பழக்கம் அத்துடன் அகன்றுவிடவில்லை.

ஆகவே, ஒரு நூலையோ பயிற்சித்தாளையோ தேர்ந்தெடுக்குமுன் நான் மூன்று வினாக்களை எழுப்புவதுண்டு.

1. அது மாணவரின் சூழலைத் தொடுகிறதா?
2. சொந்த வாக்கியம் எழுத இடம் தருகிறதா?
3. எழுதியதைப் பாதுகாத்துப் பிறர் படிக்க வழியுண்டா?

ஈப்போவின் வீடமைப்புப் பகுதிகளில் வாழும் நம் மாணவர் பலருக்குப் பால்மரம் சீவிய பாட்டியோ தாத்தாவோ இன்றும் உள்ளனர். அவர்களிடம் கேட்டு ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். பாட்டி சொன்ன சொல்லையே எழுதட்டும். பிழைகளைப் பின்னர்த் திருத்தலாம். அவற்றைத் தொகுத்து வகுப்பு நூலாக வையுங்கள். செலவு ஒரு நோட்டுப் புத்தகமே. கற்பலகையில் அழிந்துபோன தோட்டத்து வாழ்வில் ஒரு பகுதியேனும் பேரப்பிள்ளைகளின் கையெழுத்தில் எஞ்சும்.