காட்டாமல் விடுவது

'உனக்கு வேண்டியதைத்தானே காட்டுறோம், இதிலென்ன நஷ்டம்?' ஆள் பார்த்துக் காட்டும் விளம்பரங்களுக்கான வாதம் இது. எனக்கு இதில் சந்தேகமுண்டு. அமெரிக்க வீட்டு விளம்பரங்களின் வரலாற்றைப் பார்ப்போம். ஒரு காலத்தில் 'வெள்ளையருக்கு மட்டும்' என்று பத்திரிகையிலேயே அச்சிட்டார்கள். விலக்கப்பட்டவரும் அதை வாசித்தார், எதிர்க்க முடிந்தது. 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் அத்தகைய விளம்பரத்தைத் தடைசெய்தது.

2016இல் புரோபப்ளிகா செய்தியாளர்கள் ஃபேஸ்புக்கில் வீடு தேடுவோருக்கான விளம்பரமொன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். கறுப்பினச் சார்புடையோர் என அந்நிறுவனம் வகைப்படுத்தியிருந்தவர்களைக் கழித்துவிட்டே கொடுத்தார்கள். 15 நிமிடத்தில் அனுமதி கிடைத்தது. 2019இல் அரசின் வீட்டுவசதித் துறை குற்றஞ்சாட்டியது; 2022இல் தன் முறையை மாற்ற நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இங்கே விலக்கப்பட்டவருக்குத் தான் விலக்கப்பட்டதே தெரியாது. தெரியாதவர் எங்கே போய் முறையிடுவார்? நுகர்வோர் நலனை, காட்டியதை வைத்தல்ல, காட்டாமல் விட்டதை வைத்தே அளக்க வேணும்.